சித்தப்பா மகள் புதுச்சேரிக்கு வருகிறாள்: எங்கே கூட்டிப்போவது, என்ன சொல்வது?

கேள்வி: முத்தியால்பேட்டை மகள்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

வருகிற ஜூலையில் என் சித்தப்பா மகள் தன் இரண்டு பிள்ளைகளுடன் பிரான்சிலிருந்து வருகிறாள். ஆகஸ்ட் கடைசிவரை எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அவள் பிறந்து வளர்ந்தது பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் சார்செலில். தமிழ் நன்றாகப் பேசுவாள், அதுவும் எங்கள் தாத்தா பேசிய பழைய புதுச்சேரித் தமிழ். பிள்ளைகளுக்குத்தான் வராது. போனில், "அக்கா, பிரெஞ்சுப் புதுச்சேரியைப் பசங்களுக்குச் சுத்திக் காட்டணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடற்கரையை ஒட்டிய வெள்ளைக்காரத் தெருக்களுக்குக் கூட்டிப்போவது சுலபம். மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூக் கொடி, முன்னால் நின்று ஒரு போட்டோ. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தத் தெருக்களில் வாழ்ந்ததில்லை. எங்கள் பிரெஞ்சு முத்தியால்பேட்டையில் ஓட்டு வீட்டுக்குள் இருந்தது. தகரப் பெட்டியிலும் சமையல்கட்டிலும் தாத்தாவின் பேச்சிலும் இருந்தது.

தாத்தா சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். வியட்நாம் பக்கம் இந்தோசீனாவில் சண்டை முடிந்து 1955இல் ஊர் திரும்பியவர். 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தாத்தா எழுதிக் கொடுத்தார். சித்தப்பா அப்போது சின்னப் பையன், தகப்பன் வழியில் அவரும் பிரெஞ்சுக்காரர் ஆனார். என் அப்பாவுக்கு இருபத்தொரு வயது. அவர் தன் பெயரில் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும், போடவில்லை. பள்ளிக்கூட வேலை கிடைக்கிற நேரம், இந்த ஊரிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். ஒரே அடுப்பில் சாப்பிட்ட அண்ணன் தம்பிக்கு இரண்டு நாடு. அதைப் பற்றி வீட்டில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. ஆனால் சித்தப்பா லீவு முடிந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் அப்பா கொல்லைப்பக்கம் போய்விடுவார், கார் போன பிறகுதான் உள்ளே வருவார்.

தாத்தா விடுமுறை என்று சொல்ல மாட்டார், வகான்ஸ்தான். பிறப்பு, சாவு, கல்யாணம் எதுவானாலும் மேரிக்குப் போய் எழுதிவிட்டு வா என்பார். நகராட்சி என்ற சொல்லே அவர் வாயில் வந்ததில்லை. மனை வாங்கினால் பத்திரம் எழுத நொத்தேரிடம் போக வேண்டும். சாயங்காலம் தெருமுனையில் சக சொல்தாக்களோடு பெத்தாங் ஆடுவார். யாருடைய இரும்புக் குண்டு கட்டைக்குப் பக்கம் என்று துடைப்பக் குச்சியை வைத்து அளப்பார்கள். சண்டை பிரெஞ்சில் ஆரம்பிக்கும், சூடு ஏறியதும் தமிழுக்கு வந்துவிடும். பாட்டிக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் கிறிஸ்துமசுக்கு முன்வாரம் ரவையும் வெண்ணெயும் ஆரஞ்சுத் தோலும் ரம்மும் சேர்த்து விவிக்கம் கேக் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மாவை ராத்திரி ஊறவைத்து, காலையில் தட்டுகளில் ஊற்றி, பேரப்பிள்ளைகள் நாங்கள் தலையில் வைத்து ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொண்டுபோவோம். தட்டு மாறிவிடாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. எங்களுடையது ஓரத்தில் ஆணியால் கீறிய சிலுவை.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? வெள்ளைக்காரத் தெருக்களை விட்டு, நம் ஜனங்கள் வாழ்ந்த பிரெஞ்சுக் காலத்தைப் பார்க்க எங்கே போகலாம்? உங்கள் வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது? விவரமாகச் சொல்லுங்கள்.

குருசுக்குப்பம்

அக்கா, ஜூலை 13ஆம் தேதிக்கு முன்னால் வந்துவிடச் சொல்லுங்கள். அன்று ராத்திரி சொல்தாக்களும் அவர்கள் குடும்பங்களும் விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள். மறுநாள் 14, பிரெஞ்சு தேசிய நாள், கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைத்து இரண்டு நாட்டுப் பாட்டும் பாடுவார்கள். அந்தச் சின்னம் 1938இல் வைத்தது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போய்ச் செத்தவர்களுக்காக எழுப்பியது. எல்லோரும் கடலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், யாரும் அதன் பக்கத்தில் போய் எழுத்தைப் படிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியுமே, அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பெரியப்பா உயிரோடு இருந்தவரை மெடலைக் குத்திக்கொண்டு அந்த வரிசையில் நிற்பார். இப்போது நிற்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் சொல்கிறேன், இந்த வருஷமே பார்த்துவிடட்டும்.

வில்லியனூர் வாத்தியார்

அம்மா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மாணவர்களை அழைத்துக்கொண்டு நகரத்துக்குள் நடப்பது எனக்குப் பிடித்த வேலை. நீங்கள் கேட்டதற்கு என் பதில், முதலில் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. 1730களில் கட்டியது. கீழ்த்தளம் முழுக்க நம் வீடு: முற்றம், மரத்தூண், தாழ்வாரம். மேல்தளத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாய் எழுப்பிய வெள்ளைக்காரத் தூண்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடும், நீங்கள் விளக்க வேண்டியதில்லை. இதே வகை வீடுகள் வைசியாள் வீதியில் வரிசையாக இருக்கின்றன, கீழே திண்ணை, மேலே வளைவு வைத்த ஜன்னல். அந்த வீதியைப் பழுதுபார்த்து மீட்ட வேலைக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள். திண்ணை வழிப்போக்கர்களுக்காகவே வைத்தது.

அந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுக் குவர்னர் துய்ப்ளெக்சுக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாளாக இருந்தவர். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் சாகும் காலம்வரை தினப்படிக் குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், குவர்னர் காலையில் என்ன முகத்தோடு இருந்தார், எல்லாம் அதில் இருக்கிறது. தமிழ் வருஷப் பெயரும் பிரெஞ்சு மாதப் பெயரும் அடுத்தடுத்து வரும். கும்பினி, முசே, கப்பித்தான் என்று வெள்ளைக்காரச் சொற்கள் ஒரு பக்கம், நவாபு தர்பார்ச் சொற்கள் இன்னொரு பக்கம், நடுவில் தெருவில் பேசுகிற தமிழ். அவர் காலத்துப் புலவர்கள் யாரும் அப்படி எழுதத் துணியவில்லை. உங்கள் தாத்தா தமிழில் பேசும்போதே மேரியும் வகான்சும் கலந்தாரே, அதற்கு இந்த ஊரில் இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே வழக்கம் உண்டு. அது கொச்சை இல்லை, இந்த ஊர்த் தமிழ். பிள்ளைகள் கற்க வேண்டியது அந்தத் தமிழைத்தான் என்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேதபுரீஸ்வரர் கோவிலை 1748இல் இடித்ததும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. சம்பா கோவில் என்கிற மாதா கோவிலை ஒட்டி இருந்த கோவில் அது. ஆங்கிலேயர் முற்றுகையிட வருகிற நேரத்தில் அதைச் சாக்கிட்டு இடித்தார்கள். பிள்ளை அன்றைக்கு எழுதியதைப் படித்தால், பதவியில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாத மனிதரின் வேதனை தெரியும். ஈசுவரன் கோவில் வீதியில் இப்போது இருக்கும் கோவில் பிறகு கட்டியது. பிள்ளைகளுக்குச் சம்பா கோவிலைக் காட்டும் அன்றே இதையும் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் சில வீதிகள்தான்.

லப்போர்த் வீதி வழியாகப் போனால் பொன்னுத்தம்பிப் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். வழக்கறிஞர். 1873இல் பூட்சு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனதற்கு நீதிபதி மறுப்புச் சொன்னார், தமிழன் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்ற வழக்கம். மனிதர் பாரிஸ்வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, சொந்த வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றானபோது, அவர் எடுத்துக்கொண்ட பெயர்தான் லப்போர்த். இன்று பிரான்சில் இருக்கும் பல புதுச்சேரிக் குடும்பங்களின் பெயர் அந்த ஆணைக்குப் பிறகு வந்தது. உங்கள் சித்தப்பா குடும்பப் பெயர் எப்போது வந்தது என்று தகரப் பெட்டியில் பாருங்கள், தேதி இருக்கும்.

கீழூரை விட்டுவிடாதீர்கள். எங்கள் வில்லியனூரைத் தாண்டிப் போக வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள், இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆகஸ்ட் 16 அன்று அந்த நினைவிடத்தில் கொடியேற்றுவார்கள். உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு நாடானது அதே தேதியில்தானே, அந்த இடத்தில் நின்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

முதலியார்பேட்டை ஆலைவீடு

வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் பிரெஞ்சுக் காலம் என்றாலே கேக்கும் மெடலும் என்று பேச்சு போவது எனக்கு வலிக்கிறது சகோதரி. எங்கள் தாத்தா சவானா ஆலையில் நெசவு. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசு சுட்டது. 12 பேர் செத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம்தான் எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது. போராட்டத்தை நடத்திய வ. சுப்பையாவின் பெயர் இந்தப் பக்கம் எந்த வீட்டிலும் தெரியும்.

இங்கே நெய்த நீலத் துணிக்குக் கினே என்று பெயர். அவுரியில் முக்கியெடுத்து ஆப்பிரிக்காவில் செனகலுக்குக் கப்பலில் போனது. எங்கள் பாட்டி சொல்வாள், சாயப் பட்டறையில் இருந்தவர்கள் கையை எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் நீலம் போகாதாம், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் கையைப் பார்த்தே பட்டறைக்காரன் என்று சொல்லிவிடுவார்களாம்.

உங்கள் தங்கை பிள்ளைகள் ஜூலை 30 அன்று இங்கேதானே இருப்பார்கள்? தியாகிகளுக்கு மாலை போடுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 14ஆம் தேதி ஒன்று, 30ஆம் தேதி ஒன்று, இரண்டையும் பார்க்கட்டும். ஆலை எதுவும் இப்போது ஓடவில்லை. ரோடியர் மில்லையும் 2020இல் மூடிவிட்டார்கள். சங்கு ஊதுவதை வைத்துச் சோறு வடித்த தெருக்கள் இவை. இப்போது நேரம் தெரிய செல்போனைப் பார்க்கிறோம்.

சைகோன் வீட்டுப் பேரன்

அக்கா, உங்கள் தாத்தா இந்தோசீனா என்றதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டைத் தெருவில் சைகோன் வீடு என்பார்கள். என் தாத்தா அங்கே அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நிறையப் பேர் சைகோனில் இருந்தார்கள், குமாஸ்தா, போலீஸ், சுங்கம் என்று. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள், அங்கே மாரியம்மன் கோவில் இன்றும் இருக்கிறது. தாத்தா கல்யாணம் செய்துகொண்டது அந்த ஊர்ப் பெண்ணை. ஆயாவை நாங்கள் பா நோய் என்றுதான் கூப்பிடுவோம், அப்பாவின் அம்மாவுக்கு அவர்கள் மொழியில் அதுதான்.

பா நோய் புடவை கட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போவாள், மீன்காரியோடு தமிழில் பேரம் பேசுவாள். எங்கள் தெருவில் அவளை ஏமாற்றிய மீன்காரி இல்லை. தமிழில் அவளுக்கு ழகரம் வராது, மற்றதெல்லாம் வரும். தை மாதத்தை ஒட்டி அவர்களுடைய புது வருஷம் தேத் வரும். அன்றைக்கு மட்டும் பெட்டியிலிருந்து அந்த ஊர் நீளச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றி அவளுடைய அம்மா அப்பாவுக்குக் கும்பிடு போடுவாள். நாங்கள் எதிரே நிற்போம், சிவப்புக் காகிதத்தில் மடித்த ரூபாய் கிடைக்கும்.

நெம் செய்கிற நாள் வீடே திருவிழாதான். இறாலும் பன்றிக்கறியும் பொடியாகக் கொத்தி, கண்ணாடிச் சேமியா, கேரட், காளான், வெங்காயம் சேர்த்துப் பிசைவாள். அரிசித் தாளை ஈரத்துணியில் நனைத்து, அதில் வைத்துச் சுருட்டுவது பிள்ளைகள் வேலை. தளர்வாகச் சுருட்டினால் எண்ணெயில் பிரிந்துவிடும், இறுக்கினால் வெடிக்கும். பொரித்ததைப் புதினாவோடு கீரை இலையில் சுற்றி, நுவோக்மாமில் தொட்டுச் சாப்பிடணும். அந்த மீன் சாறு வாசம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஆகாது, எங்களுக்கு அதுதான் வீட்டு வாசம். இன்றைக்குப் புதுச்சேரியில் நெம் விற்கிற இடங்கள் உண்டு. அது எந்தக் கையிலிருந்து இந்த ஊருக்கு வந்தது என்று வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது, அதுதான் எனக்குக் குறை. பிரெஞ்சு உணவு என்று எழுதிப் போடுகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். என் அம்மா பா நோயிடம் கற்றவள், சுருட்டச் சொல்லித் தருவாள்.

நெல்லித்தோப்பு சமையல்கட்டு

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் நானும் ஒன்று சொல்கிறேன் அக்கா. பிள்ளைகளுக்கு வடகம் காட்டுங்கள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து சித்திரை வெயிலில் காயவைப்போம். ராத்திரி உருண்டை பிடித்துப் பானையில் மூடி வைத்து, மறுநாள் உதிர்த்து மறுபடி காயவைக்கணும். சில நாள் இப்படி. ஈரம் இறங்கியதும் விளக்கெண்ணெய் தடவி உருட்டிவிட்டால் வருஷம் முழுக்கக் கெடாது. மீன் குழம்புக்கு ஓர் உருண்டையைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் தெருமுனைவரைக்கும் மணக்கும்.

இதைத்தான் பிரான்சில் வதுவான் என்று பொடியாக்கி விற்கிறார்கள். பெரிய சமையல்காரர்கள் வெண்ணெயில் போட்டு மீனுக்கு ஊற்றுகிறார்கள். நம் மொட்டை மாடியிலிருந்து போன சரக்கு. உங்கள் தங்கை அங்கே கடையில் பார்த்திருப்பாள். ஜூலையில் காயவைக்க மழை விடுமோ என்னவோ தெரியாது, இந்தக் கோடையில் கூடுதலாகப் போட்டு வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். காசெல்லாம் வேண்டாம்.

காரைக்கால் பெண்

எங்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்! 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்டத்து வேலைக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஆட்களை ஏற்றினார்கள். மர்த்தினிக்குக்கு 1853இல், குவாதலூப்புக்கு 1854இல் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அங்கே மாரியம்மனை மாலியேமின் என்று சொல்லி இன்றும் கும்பிடுகிறார்கள். சார்செலில் அந்தத் தீவுக்காரர்கள் நிறைய உண்டு. உங்கள் தங்கை பிள்ளைகளின் வகுப்பில் தமிழ்ப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருக்கும் பிள்ளை யாராவது கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துக் காரைக்கால் கடற்கரையில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வில்லியனூர் வாத்தியார்

சைகோன் வீட்டுத் தம்பிக்கு ஒரு செய்தி. வீராம்பட்டினத்துக்குப் போனால் பக்கத்தில் அரிக்கமேடு. ரோமானியர் வாணிபம் நடந்த இடம் என்று 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியதால் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆற்றோரம் பழைய சாமியார் மடத்தின் இடிந்த சுவரும் நிற்கிறது. 1770களில் பிஞ்ஞோ த பெகேன் என்ற பிரெஞ்சுச் சாமியார் இந்தோசீனாவிலிருந்து மாணவர்களோடு வந்து தங்கியபோது, அந்த மாணவர்களை வைத்துக்கொண்டு வியட்நாம் மொழிக்கு லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். உங்கள் பா நோய் இந்த ஊருக்கு வருவதற்கு இருநூறு வருஷம் முந்தியே அவள் மொழி வீராம்பட்டினத்தில் எழுதப்பட்டது, தம்பி.

அம்மா, அந்த ஊரில்தான் செங்கழுநீரம்மன் தேர், ஆடி ஐந்தாம் வெள்ளி. பிரெஞ்சுக் குவர்னர் வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கிவைப்பது வழக்கமாக இருந்தது. அவர்கள் போன பிறகும் வழக்கம் நிற்கவில்லை, இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். வருகிற ஆகஸ்டில் பிள்ளைகள் கையால் வடத்தைத் தொடட்டும்.

முத்தியால்பேட்டை மகள்

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ராத்திரி எல்லாவற்றையும் சித்தப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். முதலியார்பேட்டைச் சகோதரர் எழுதியதைக் கேட்டதும் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆலைச் சங்கு எந்தெந்த நேரத்தில் ஊதும் என்று வரிசையாகச் சொன்னார். அவர் மனைவிக்கே அது புதுசு. உங்கள் தாத்தா எந்தத் தெருவில் இருந்தார் என்று கேட்கச் சொன்னார் சகோதரரே, எழுதுங்கள்.

தகரப் பெட்டியையும் திறந்துவிட்டேன் வாத்தியார் ஐயா. குடும்பப் பதிவுப் புத்தகம் கிடைத்தது. பெயர் மாற்றம் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா காலத்தில். பக்கத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று சொன்ன மனிதருக்கு எழுதத் தெரியாது. சாதிப் பெயர் கூப்பிட்டு யாரும் அவமதிக்கக் கூடாது என்றுதான் எழுதிக் கொடுத்தார் என்று சித்தப்பா சொன்னார், அவருக்குத் தாத்தா சொன்னதாம். இத்தனை வருஷம் இதே வீட்டில் இருக்கிறேன், எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படிக்க வைப்பேன், எனக்குப் பாதிதான் புரிகிறது.

திட்டம் இப்படி: 13 ராத்திரி விளக்கு ஊர்வலம், 14 நினைவுச் சின்னம், 30 தியாகிகள் நாள், ஆகஸ்டில் தேர், 16 கீழூர். நடுவில் ரங்கப்பிள்ளை வீடு, ஈசுவரன் கோவில், சைகோன் வீட்டு நெம். காரைக்காலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் சுவர்த் தெருக்களுக்கு ஒரு காலைப்பொழுது போதும், அவளே கேட்பாள். கேக் மட்டும் டிசம்பர் சமாசாரம் என்றாலும் ஒரு தட்டு போடப் போகிறேன்.

இரண்டு விஷயம் தெரியணும். தேர் அன்றைக்குப் பிள்ளைகளோடு வீராம்பட்டினம் போக எந்த நேரம் நல்லது? அப்புறம், விறகு அடுப்பு வைத்திருக்கும் ரொட்டிக்கடை, வெளித்தட்டை வாங்கி வேகவைத்துத் தருகிறவர்கள், முத்தியால்பேட்டைப் பக்கம் யாராவது இன்னும் இருக்கிறார்களா?

குருசுக்குப்பம்

தேருக்கு விடிகாலையிலேயே கிளம்புங்கள் அக்கா. வடம் பிடிப்பது காலையில்தான், நேரமானால் அரியாங்குப்பம் தாண்டி வண்டி நகராது. தண்ணீர், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், வடத்துக்குப் பக்கம் பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

ரொட்டிக்கடை எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, சவுக்கு விறகு அடுப்பு. ஐயாவிடம் கேட்டுவிட்டேன். மத்தியானம் ரொட்டி இறக்கியபின் அடுப்புச் சூடு தணிந்திருக்கும், கேக்குக்கு அதுதான் பதம், இரண்டரை மணிக்குத் தட்டோடு வரச் சொல்லு என்றார். முதல்நாள் மட்டும் தகவல் சொல்லிவிட வேண்டுமாம்.